கணக்குக் காட்டாத அப்பா

மனிதர்களில் கணக்குக் காட்டாதவர் என்று ஓர் இனம் இருக்கிறது. அருகிவரும் இனம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்; உங்கள் தெருவில் மட்டும் நாலைந்து பேராவது தேறுவார்கள். இவரைத் திருடர் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்தவர் பொருளைத் தொடமாட்டார். பழைய சோபாவைப் பிரிக்கும்போது உள்ளே கிடைக்கும் மோதிரத்தைக்கூட வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். அரசாங்கத்துக்கு வருமான வரிக் கணக்கு மட்டும் கொடுக்கமாட்டார். ஏன் என்றால், "ஒரு தடவை தலையக் காட்டினா அவ்வளவுதான், அப்புறம் விடமாட்டாங்க" என்பார். யார் விடமாட்டார்கள், எதை விடமாட்டார்கள் என்று மேலும் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு தெருவை எட்டிப் பார்ப்பார்.

மோதிரம் என்று சொன்னதிலிருந்தே தெரிந்திருக்கும், நான் சொல்லவந்தவர் சோபா தைத்துக் கொடுப்பவர். சொந்தக் கடை. வரி அலுவலகம் இருக்கும் தெருவில் அவர் எதிர்ச்சாரியில்தான் நடப்பார், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குடை இருந்தால் வெயிலோ மழையோ பார்க்காமல் அந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. பளபளவென்று ஷூ போட்ட ஆள் யாராவது கடை வாசலில் நின்று முதலாளி இருக்கிறாரா என்று கேட்டால், வாயில் கவ்விய ஆணிகளை எடுக்காமலே "வெளியூர் போயிருக்காரு" என்பார். அவர்களில் பாதிப்பேர் சோபாவுக்கு உறை மாற்றக் கேட்டு வந்தவர்கள். போனால் போகட்டும், ஆபத்து தப்பியது என்று அன்று முழுக்க உற்சாகமாக இருப்பார்.

அப்படியானால் அவருடைய வருமானம்தான் என்ன? நல்ல கேள்வி. ஆனால் அதைக் கேட்பது யார் என்று முதலில் தெரியவேண்டும். கைமாற்று கேட்டு வரும் உறவினர் என்றால், கடையை இழுத்து மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். பேரம் பேசும் வாடிக்கையாளர் என்றால், உங்கள் முகத்துக்காக நஷ்டத்தில் செய்கிறேன் என்பார். மனைவி கேட்டால் "ஏதோ ஓடுது" என்பார். அவளுடைய தம்பி கேட்டால் மட்டும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். அந்த மைத்துனர் ஓர் அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருப்பவர். பணம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துக்கொண்டுவிடுவார்கள். "என்ன மச்சான், இந்த வருஷம் எவ்வளவு புடுங்கினாங்க" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் தொடங்கி, தனக்கு வருவது அவர் சம்பளத்தைப் போல் ரெண்டு மடங்கு என்றும், அதில் ஒரு காசு யாருக்கும் அழவேண்டியதில்லை என்றும் முடிப்பார். மைத்துனர் பெருமூச்சு விடுவார். நம்மவருக்கு அன்று சாப்பாடு இரண்டு பங்கு இறங்கும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். மகள் படித்துத் தொலைத்துவிட்டாள். கால்நடை மருத்துவத்துக்கு இடம் கிடைத்தது. கட்டணத்தில் இருந்த பூஜ்யங்களை அப்பா இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். உதவித்தொகை வந்தால் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். உதவித்தொகைக்காரர்கள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பாவின் வரிக் கணக்கு நகல் ஒன்று வேண்டுமாம்.

அப்பா வெகுநேரம் யோசித்தார். பிறகு, அப்பா இல்லை என்று எழுதிவிடேன் என்றார். அதற்கு இறப்புச் சான்றிதழ் வைக்கவேண்டும் என்றாள் மகள். நீங்களாக இருந்தால் அத்துடன் விட்டிருப்பீர்கள். அவர், அந்தச் சான்றிதழ் எங்கே கொடுப்பார்கள், நேரில் போகவேண்டுமா என்று கேட்டார். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அப்படியே எனக்கு விதவைப் பென்ஷனுக்கும் ஒண்ணு எழுதிடு. வீட்டுக்கு ரெண்டு வருமானம் ஆச்சு."

மகள் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போய் விசாரித்தாள். அங்கே இருந்த அம்மாள் மிகவும் அனுசரணையாகப் பேசினார். கணக்குக் கொடுக்காதவர்கள் கவலைப்படவே வேண்டாம், கணக்குக் கொடுக்கவில்லை என்று வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிவந்தால் போதும் என்றார். இதைக் கேட்டதும் அப்பா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். எந்தக் கட்டடத்துக்கு இருபது வருஷத்துக்கு மேலாகக் குடையைச் சாய்த்தாரோ, அதே கட்டடத்துக்குள் நுழைந்து, நான்தான் அது என்று சொல்லவேண்டும்.

வியாழக்கிழமை காலையில் உடை விஷயத்தில் பெரிய குழப்பம். நன்றாக உடுத்திக்கொண்டு போனால் வரியை ஏற்றிவிடுவார்கள். கந்தலாகப் போனால், கூட வருகிற மைத்துனர் என்ன நினைப்பார்? ஆமாம், எந்த ஜன்னலில் எதைக் கேட்பது என்று தெரிந்தவர் என்பதால் மகளோடு மைத்துனரையும் துணைக்கு அனுப்பியிருந்தாள் மனைவி. கடைசியில் மேலே கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை, கீழே பசை ஒட்டிய பழைய பேன்ட் என்று முடிவாயிற்று. மேல்பாதி மைத்துனருக்கு, கீழ்ப்பாதி அரசாங்கத்துக்கு.

ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் எழுத்தர் இருந்தார். நம்மவர் பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு, பிடித்துக்கொண்டு போக ஆட்கள் எந்தக் கதவு வழியாக வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்தர் கணினியில் தட்டினார். மறுபடி தட்டினார். உங்கள் பெயரே இங்கே இல்லையே என்றார்.

"நல்லாப் பாருங்க சார்."

"பாத்துட்டேன். இல்லை."

"அப்ப என்னை யாரும் தேடலையா?"

தேடவில்லை. ஒருநாளும் தேடவில்லை. எத்தனை குடை, எத்தனை ஷூக்காரர்கள், எத்தனை வெளியூர்ப் பயணம். அத்தனையும் வீண் என்று தெரிந்தபோது அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே மனசு கஷ்டமாயிருக்கும். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

சரி, கணக்குக் கொடுக்கவில்லை என்று கடிதமாவது கொடுங்கள் என்றாள் மகள். பதிவேட்டில் இருப்பவருக்குத்தான் அந்தக் கடிதம் கொடுக்கமுடியும் என்றார் எழுத்தர். பதிவேட்டில் ஏற என்ன செய்யவேண்டும்? கணக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டால் கொடுக்கவில்லை என்று எப்படிக் கடிதம் தருவீர்கள்? தரமுடியாது. எழுத்தர் இதைச் சொல்லிவிட்டுத் தானே ஒருமுறை யோசித்துப் பார்த்தார். யாரும் இதுவரை இவ்வளவு தூரம் கேட்டதில்லை என்றார். பிறகு, எதற்கு வம்பு, இப்போதே கணக்கைக் கொடுத்து நகலை வாங்கிக்கொண்டு போங்கள் என்று பேனாவை எடுத்தார். "வருஷ வருமானம் சொல்லுங்க."

ஒரு பக்கம் மகள். இன்னொரு பக்கம் மைத்துனர், காதைத் தீட்டிக்கொண்டு. நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தொகையைச் சொன்னார். மைத்துனருக்குச் சொல்லிவந்த அதே தொகை.

எழுத்தர் புருவத்தை உயர்த்தினார். இவ்வளவு வருமானம் என்றால் உதவித்தொகை கிடைக்காது. அதோடு, விட்டுப்போன வருஷங்களுக்கு வரியும் அபராதமும் உண்டு. போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். மகள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். பேனா தாளைத் தொட்டது.

"இருங்க சார்" என்றார் அப்பா. "அது மொத்த வரவு. அதுல கழிக்கவேண்டியது இருக்கு."

கழிக்கத் தொடங்கினார். முதலில் துணியைக் கழித்தார், ரெக்சினைக் கழித்தார், பஞ்சு, ஸ்பிரிங், ஆணி, பசை, கடை வாடகை, வண்டி வாடகை, அளவெடுத்தபின் மனசு மாறியவர்கள், வேலை முடிந்தபின் வீடு மாறியவர்கள், மழைக்காலத்தில் மூன்று மாதம் கடைப்பக்கமே யாரும் வராதது, நாற்காலி விலைக்கே புது சோபா விற்கிற பெரிய கடை தெருமுனையில் வந்தது. ஒவ்வொன்றையும் கழிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கிற்று. மைத்துனரின் சம்பளத்துக்குச் சமமாக வந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றார். யாரும் போதும் என்று சொல்லவில்லை. பிறகு அதையும் தாண்டிக் கீழே போனார். கடைசியில் வந்து நின்ற தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை. மனிதருக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

எழுத்தர் ஒரு கோடு போட்டார். "இதுக்கு வரியே இல்லை."

"போன வருஷத்துக்கு?"

"இப்படித்தான் வந்துச்சுன்னா எந்த வருஷத்துக்குமே இல்லை. நீங்க கட்டவேண்டியதே இருந்திருக்காது."

நியாயமாகப் பார்த்தால் அவர் குதித்திருக்கவேண்டும். குதிக்கவில்லை. மைத்துனரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குள் தலையை நுழைத்து மெதுவாகச் சொன்னார். "கொஞ்சமாவது ஏதாவது போடுங்க சார். இவ்வளவு தூரம் வந்திருக்கோம்."

"அப்பா, கையெழுத்துப் போடுங்க" என்றாள் மகள். இவ்வளவு நேரமாக அவர் கழித்ததையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது. அப்பா போட்டார். வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் இப்போது மாடுகளுக்கு வைத்தியம் படிக்கிறாள்.

படியிறங்கும்போது மைத்துனர் சிரிக்கப்போகிறார் என்று நம்மவர் காத்துக்கொண்டிருந்தார். மைத்துனர் தெருவுக்கு வந்ததும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு, "நான் சொல்ற சம்பளமும் கையில வர்றது இல்ல மச்சான். கடன் தவணை போக மிச்சம் உங்களுதைவிடக் கம்மி. அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். வீட்டில் மனைவியோ தொகையைக் கேட்டதும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவ்வளவா வருது? நான் இன்னும் கம்மின்னு நெனச்சுல்ல குடும்பம் நடத்துறேன்" என்றாள். அன்றிலிருந்து மீதி எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அரசாங்கம் ஒருநாளும் அவரை இந்தப் பாடு படுத்தியதில்லை.

உங்களை நான் சொல்லவில்லை. நீங்கள் வருஷா வருஷம் நாள் தவறாமல் கணக்குக் கொடுப்பவர். குடையை நேராகப் பிடிப்பவர். சந்தோஷம். அப்படியானால் ஒரு சின்ன உதவி செய்யுங்கள். உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே, உங்கள் வருமானம் எவ்வளவு என்பதை, உள்ளது உள்ளபடி, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

என்ன, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறீர்களா?