நவநீதகிருஷ்ணன் வீட்டு ஹால் அகலமான விதம்

தை பிறந்து, காலண்டர் ஆர்டரெல்லாம் லோடாகிப் போன பிறகு, சிவகாசியில் லேபிள் அச்சகம் வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். அகல லென்ஸ் ஒன்று வாங்கியே தீருவது. சும்மா அகலம் இல்லை, அகலத்திலேயே அகலம். முடிவெடுப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை. அதை மனைவி செல்லக்கனியிடம் சொல்வதுதான் பெரிய காரியம்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இருந்தது. லென்ஸ் வழியாகப் பார்க்காமல், மேலே ஓரமாக இருக்கிற சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்து, இரண்டாகத் தெரிகிற உருவத்தைத் திருகித் திருகி ஒன்றாக்கி எடுக்கிற கேமரா. அது வீட்டுக்கு வந்த அன்றே, ரெண்டாத் தெரிஞ்சா கண் டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்று செல்லக்கனி கேட்டுவிட்டாள். அச்சகத்தில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அவருக்குப் பிலிம் மேல் இருந்த பிரியம் போகவில்லை. பிலிம் கழுவவும் பிரிண்ட் போடவும் ஹாலை ஒட்டிய அறையை இருட்டறையாக்கி, கிழக்கு ஜன்னலைக் கறுப்புத்தாள் ஒட்டி மூடியிருந்தார். உள்ளே இருந்து வரும் வாடையை வைத்து வீட்டில் அதற்கு மருந்து ரூம் என்று பெயர்.

நடுச்சுவரை எடுத்துவிட்டால் ஹாலுக்குக் காற்று வரும், நாலு பேர் வந்தால் உட்காரலாம் என்று செல்லக்கனி பல வருடம் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்று நவநீதகிருஷ்ணன் நினைத்துக்கொண்டார்.

லென்ஸ் விஷயத்தில் அவர் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். இருபத்தொரு எம்எம் சாதுவானது, யார் முகத்தையும் கோணலாக்காது. ஆனால் ஹால் முழுசாக விழாது. பன்னிரண்டு எம்எம்மில் ஊரே விழும். கூடவே எடுக்கிறவரின் கால் கட்டைவிரலும் விழும். நடுவில் பதினைந்து. அதை மாட்டினால் கேமராவின் சொந்த ஜன்னலை நம்ப முடியாது, லென்ஸ் பார்ப்பதில் பாதிகூட அதில் தெரியாது. கேமராவின் தலைக்கு மேலே தனியாக ஒரு குட்டிக் கண்ணாடி மாட்டி அதன் வழியாகப் பார்க்க வேண்டும். ஆக, லென்ஸோடு அதையும் வாங்கியாக வேண்டும். இந்த இரட்டைச் செலவை எப்படி எடுத்துச் சொல்வது என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, செல்லக்கனி கேட்கப்போகும் கேள்விகளையும் அவரே கேட்டு, அவரே தோற்றும் போனார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தபோது விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவள் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாங்குங்க. வாங்குறதுன்னு ஆயிப்போச்சு, நல்லா அகலமாத் தெரியுறதா பாத்து வாங்குங்க."

நவநீதகிருஷ்ணன் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று நினைத்தபடியே ஆறு வடை சாப்பிட்டார். அந்த நன்றியில் மறுவாரமே அவளை இருக்கன்குடி கோயிலுக்குக் கூட்டிப் போய்வந்தார். வழியெல்லாம் லென்ஸைப் பற்றியே பேசினார். அவளும் ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

லென்ஸ் வந்தது. முதல் பிலிமில் பாதிக்கு மேல் அவருடைய விரலே விழுந்திருந்தது. இரண்டாவதில் சுவரெல்லாம் குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது. கேமராவை அரை விரல்கடை சாய்த்துப் பிடித்தாலும் இந்த லென்ஸ் மன்னிக்காது என்பது அப்போதுதான் புரிந்தது. மூன்றாவதில் அவருடைய மைத்துனர் ஓரத்தில் நின்றார். ஓரத்தில் நிற்பவர்களை இழுத்துப் பரப்பிவிடுவது இந்த லென்ஸின் குணம். மைத்துனர் சோபா அகலத்துக்கு ஆகியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவர் இரவில் சப்பாத்திதான் சாப்பிடுகிறார்.

இப்படிக் கை பழகி வந்த நேரத்தில்தான் மகள் பிரீத்திகாவுக்கு இடம் கூடி வந்தது. விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் சங்கரபாண்டியன் வீடு. பையன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். பெண் பார்த்தது கோயிலில் வைத்து. ஜாதகம் பொருந்தி, பிள்ளைகளுக்கும் பிடித்துப்போனது. பையனின் அம்மா சுப்புத்தாய், சொந்தக்காரர்களிடம் காட்ட வீட்டுப் படம் ஒன்று அனுப்பச் சொல்லியிருப்பதாகச் செல்லக்கனி வந்து சொன்னாள். அகல லென்ஸிலேயே எடுங்கள், உங்கள் கைக்கு யார் எடுத்தாலும் ஈடாகாது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

நவநீதகிருஷ்ணன் ஹால் மூலையில் முதுகை ஒட்டி, மூச்சைப் பிடித்து, கேமராவை இடுப்பு உயரத்தில் மட்டமாக வைத்து எடுத்தார். பிரிண்டைப் பார்த்து அவரே அசந்துபோனார். சோபா படகு மாதிரி நீண்டிருந்தது. டிவிக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும் போலத் தெரிந்தது. செல்லக்கனி பிரிண்டைப் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டு, ரொம்ப நல்லா வந்திருக்கு என்று மனசாரச் சொன்னாள். அவரும் மனசாரப் பூரித்தார்.

பூரிப்பு அந்த வாரம்கூட முழுசாக நிற்கவில்லை. செல்லக்கனி போனை வைத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். இவ்வளவு பெரிய ஹால் இருக்கும்போது மண்டபம் எதற்கு, நிச்சயத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சாகிவிட்டதாம்.

நவநீதகிருஷ்ணனுக்கு வேர்த்துவிட்டது. அந்த ஹாலில் அவரும் மைத்துனரும் நேருக்கு நேர் உட்கார்ந்தாலே முழங்கால் இடிக்கும். உண்மையைச் சொல்லிவிடலாமா என்றார். படத்திலேயே பொய் சொல்லிட்டோம்னா பொண்ணைப் பத்தி என்ன நினைப்பாக என்று அவள் கேட்டாள். மண்டபமே பிடிக்கலாம் என்றார். சம்பந்தம் பேசி முதல் பேச்சையே தட்டுவதா என்றாள். தெருவில் பந்தல் போடலாம் என்றார். சித்திரை வெயிலில் சம்பந்தி வீட்டாரை வாட்டவா என்றாள். அவள் எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டாள். நவநீதகிருஷ்ணன் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நடுச்சுவருக்கு முன்னால் போய் நின்றார்.

"இதை எடுத்துட்டா என்ன?"

"அய்யய்யோ, அது ஒங்க மருந்து ரூமாச்சே. வேணாங்க."

"நம்ம பிள்ளையை விட ரூம் பெருசா?"

"யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால வருத்தப்படுவீக."

எவ்வளவு தடுத்தும் அவர் கேட்கவில்லை. தன் அறைக்காக அவள் இத்தனை பதறியது அவர் மனசைத் தொட்டுவிட்டது. அன்றே கொத்தனார் சங்கையாவுக்கு ஆள் அனுப்பினார்.

சங்கையா வந்து கடப்பாரையை ஓங்கிய நேரத்தில், மருந்து ரூம் சாமானை மூட ஏதாவது துணி வேணுமா என்று உள்ளேயிருந்து பிரீத்திகா குரல் கொடுத்தாள். அவ்வளவுதான். சங்கையா கடப்பாரையை அப்படியே கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். பட்டாசு ஆலைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவருக்கு மருந்து என்றால் ஒரே அர்த்தம்தான். அது போட்டோ கழுவுகிற மருந்து என்று புரியவைத்து, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உள்ளே கூட்டி வருவதற்குள் காலைப் பொழுதே போய்விட்டது. சாயங்காலம் சுவர் விழுந்தது. தட்டுகளும் புட்டிகளும் மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சின்ன அறைக்குக் குடிபோயின. கறுப்புத்தாளைக் கிழித்ததும், இத்தனை வருடமாக வெளியே காத்துக்கிடந்த மாதிரி காற்று உள்ளே வந்து காலண்டரைப் புரட்டியது.

நிச்சயத்தன்று ஹால் நிறைந்திருந்தது. இரண்டு வீட்டுக் கூட்டமும் அச்சகத்து ஆட்களும் நெருக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நவநீதகிருஷ்ணன் பெரியம்மாக்களையெல்லாம் நடுவுக்கு நகர்த்தி, ஓரங்களில் ஒல்லியான சித்தப்பாக்களை நிறுத்திப் படம் எடுத்தார். ஒருவர் விடாமல் விழுந்தார்கள். தட்டு மாற்றும்போது பிரீத்திகா சிரித்த சிரிப்பைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. குட்டிக் கண்ணாடியில் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது சுப்புத்தாய் மெச்சினார்.

"எங்க பக்கம் மண்டபமே பேசி வச்சிருந்தோம் அண்ணாச்சி. மதினிதான் போன் போட்டு, எங்க வீட்டுக்காரருக்கு வீட்லயே நடத்தணும்னு ஆசை, வாய்விட்டுச் சொல்ல மாட்டாகன்னு சொன்னாக. சரி, பெரிய மனுசர் ஆசையைக் கெடுப்பானேன்னு வந்தோம். படத்துல பாத்த மாதிரியே இருக்கு ஹாலு."

நவநீதகிருஷ்ணன் வெற்றிலை மெல்வதை மறந்து மனைவியைத் தேடினார். அவள் கிழக்கு ஜன்னல் பக்கம் பிரீத்திகாவின் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காற்றில் இருவர் முந்தானையும் பறந்தது. கோபம் வரட்டும் என்று அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. வந்தது நன்றிதான். இந்த நாளை இவள் அல்லவா கட்டி எழுப்பியிருக்கிறாள், தன் கையில் விட்டிருந்தால் இன்னமும் இருட்டில் புட்டி குலுக்கிக்கொண்டு இருந்திருப்போம் என்று தோன்றியது.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சுப்புத்தாய் சொன்னதைச் சொன்னார். அவள் ஒரு டம்ளர் மோர் எடுத்துக் கொடுத்தாள். நல்லதுதான் செஞ்சே என்று அவர் உள்ளபடியே சொன்னார். இவ்வளவு செய்தவளுக்கு நான் என்ன செய்யட்டும், கேள் என்றார்.

செல்லக்கனி கொஞ்சம் யோசித்தாள்.

"ஒண்ணும் வேணாங்க. நாளைக்கு வெளிச்சம் நல்லா இருக்கையில மாடியை ஒரு படம் எடுத்துக் குடுங்க. அகலமா."