பாதி வாக்கியத்தில் விழுந்த ஊழியக்காரன்

பயந்த சுபாவம் உள்ளவனைப் பேசச் சொல்லக் கூடாது. பட்டினி போட்டுப் பேசச் சொல்லவே கூடாது. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு இரண்டும் சேர்ந்து நடந்தது. (பழியை மற்றவர்கள் மேல் போடுவது சரியில்லை. பட்டினி என் சொந்த ஏற்பாடு.)

நான் ஜார்ஜ் டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஸ்டோர் பார்க்கிறேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, சரி. உடம்பு நூற்று இரண்டு கிலோ. குரல் மட்டும் உடம்போடு சேர்ந்து வளர மறந்துவிட்டது. பஸ்ஸில் மணி அடிக்க வெட்கப்பட்டு, யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி, வீட்டுக்குத் திரும்பி நடந்தவன் நான். எங்கள் சபையின் சந்திப்பு ஊழியக் குழுவில் எட்டு வருடமாக என் பெயர் இருந்தது. வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போய், மனம் உடைந்தவர்களிடம் பேசி ஜெபிக்கும் குழு அது. எட்டு வருடமும் நான் செய்தது, பாட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவது.

அந்த வாரம் என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூட கேன்டீனிலிருந்து முகம் வாடி வந்தாள். அவளோடு அங்கே சமைக்கும் பார்வதி அக்காவின் கணவர் சுப்பையா அண்ணன், பிறை என்னும் ஊரில் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். லாரியை விற்றாகிவிட்டது. சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் ஜெலுத்தோங்கில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் ரத்தம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் சொல்லிவிட்டாராம்: "செவ்வாய்க்கிழமை கடைசி. வியாழக்கிழமைலேருந்து நான் போகமாட்டேன். என்னை விட்டுருங்க."

ரத்தம் கழுவாவிட்டால் இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"புள்ளைங்க அழுது பாத்தாச்சு, நானும் பேசிப் பாத்தாச்சு. நீங்கதான் சர்ச்சுலேருந்து ஆள் வந்து பேசுவாங்கன்னு சொல்வீங்களே, யாரையாவது அனுப்புங்க ஸ்டெல்லா" என்று பார்வதி அக்கா கேட்டிருக்கிறார். அவர்கள் இந்துக்கள். அப்படியும் கேட்டார் என்றால், எவ்வளவு முடியாமல் கேட்டிருப்பார்.

எங்கள் குழுத் தலைவர், எல்டர் என்று நாங்கள் கூப்பிடும் சபை மூப்பர், நிபோங் திபாலில் மகள் கல்யாண வேலையில் இருந்தார். மற்றவர்களுக்கு வேலை, காய்ச்சல், வெளியூர். பட்டியலின் கடைசியில் நான் நின்றேன்.

"பயப்படாதே தம்பி" என்று எல்டர் போனில் சொன்னார். "மூணு பாயிண்ட் அனுப்பறேன், மனப்பாடம் பண்ணிக்க. உபவாசத்தோட போ."

உபவாசம் என்றால் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஜெபிப்பது. அவர் சொன்னது அவ்வளவுதான். ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் நான் திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டையும் விட்டேன். தண்ணீரையும் விட்டேன். வல்லமை இரண்டு மடங்காகும் என்று கணக்குப் போட்டேன். செவ்வாய் காலை கடையில் லாரி வந்து, இருநூறு சிமெண்டு மூட்டைகளை இறக்கினோம். இறக்கி அடுக்கியபின் அந்த மூட்டைகளுக்கு முன்னால் நின்று மூன்று பாயிண்டையும் சொல்லிப் பார்த்தேன். அபாரமாக வந்தது. ஒரு மூட்டைகூட எழுந்து போகவில்லை.

மதியம் வீட்டில் சட்டை மாற்றும்போது ஸ்டெல்லா பரோட்டா மாதிரியான ஒரு ரொட்டி சானாயைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க. மூஞ்சி வெள்ளையா இருக்கு. ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

நான் அவளைச் சோதிக்க வந்த சாத்தானைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். உச்சி வெயில். ஜெலுத்தோங் சாலையில் நான்கு சிகப்பு விளக்கு. நான்கிலும் நின்றேன்.

மையம் ஒரு கடை வரிசையின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே பத்து சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மிஷின். சுப்பையா அண்ணன் ஜன்னல் ஓரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அடுத்த நாற்காலியில், ஒரு திரைக்கு அந்தப் பக்கம், காதர் பாய். முன்பு நாசி கண்டார் என்னும் கறிச்சோற்றுக் கடை வைத்திருந்தவர். என் கடைக்கு வந்து ஆணி வாங்கிய பழக்கம்.

"என்ன, இந்தப் பக்கம்?" என்றார் காதர் பாய்.

"அண்ணனைப் பாத்து... கொஞ்சம்... சர்ச்சுலேருந்து..."

"ஓ, அதுவா! பேசு, பேசு. எனக்குக் காது கேக்கல." ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். எங்கள் நாட்டில் முஸ்லிம்களிடம் நாங்கள் எங்கள் மதத்தைப் பேசக் கூடாது என்று சட்டம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பத்து நிமிசம்தான் அங்கள்" என்றாள் மிஸ்ஸி கோமதி. (நர்சுகளை நாங்கள் மிஸ்ஸி என்போம்.) பார்வதி அக்கா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ பெரிய ஸ்பெஷலிஸ்டு வந்திருப்பதுபோல.

சுப்பையா அண்ணன் திரும்பாமலே சொன்னார். "யாரு அனுப்புனா, என் பொண்டாட்டியா? சொல்லிட்டுப் போ தம்பி. நான் எங்க ஓடப் போறேன்? கட்டிப் போட்டுல்ல வச்சிருக்காங்க."

நான் தொண்டையைச் சரிசெய்தேன். முதல் பாயிண்ட்.

"அண்ணே, உங்க வேதனை எனக்கு நல்லாப் புரியும். ஏன்னா..."

மரியாதைக்காக அவர் கையைப் பிடிக்கலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன். கையிலிருந்து இரண்டு குழாய்கள். இரண்டிலும் ரத்தம். சிகப்பாக, அசையாததுபோல அசைந்துகொண்டு. உள்ளே போகிற ரத்தம் எது, வெளியே வருகிற ரத்தம் எது என்று நான் யோசிக்கத் தொடங்கியதுதான் தவறு.

பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நல்லவேளையாகக் குழாய்ப் பக்கம் விழவில்லை. காதர் பாய் பக்கம் விழுந்தேன். பிடிமானத்துக்குத் திரையைப் பிடித்தேனாம். திரை, அதன் கம்பி, கம்பியைத் தாங்கிய இரண்டு திருகாணி எல்லாம் என்னோடு வந்தன. (அந்தத் திருகாணி எங்கள் கடைச் சரக்கு.) போகிற வழியில் நோயாளிகளுக்கான பிஸ்கட் தள்ளுவண்டியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி குத்திய கையோடு எழுந்திருக்க முடியாத சுப்பையா அண்ணன் போட்ட கூச்சல் வெளியே காப்பிக் கடை வரைக்கும் கேட்டதாம்.

"மிஸ்ஸி! மிஸ்ஸி! பாதிரியார் செத்துட்டாரு!"

"பாதிரியாரா?" என்று திரைக்குள்ளிருந்து காதர் பாயின் குரல். "ஹார்ட்வேர் கடையில ஆணி நிறுத்துக் குடுக்கிற ஆளுல்ல இது?"

கண் விழித்தபோது வெள்ளை வெளிச்சம் தெரிந்தது. குளிர்ச்சியாக இருந்தது. வந்து சேர்ந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது ஒரு மிஸ்ஸி மூச்சு வாங்கிக்கொண்டே, "அம்மாடி, என்ன கனம் லா இந்த அங்கள்" என்றாள். காலியாக இருந்த நாற்காலியில் காலை உயர்த்தி என்னைக் கிடத்தியிருந்தார்கள். ஒன்பது நோயாளிகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையிலேயே மோசமான நிலைமையில் இருந்தவன் நான்தான்.

"எப்ப சாப்டே தம்பி?" என்று சுப்பையா அண்ணன் கேட்டார். இப்போது சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நேத்து மத்தியானம்."

"ஏன், வீட்ல ஆக்கலயா?"

"உங்களுக்காக உபவாசம்ண்ணே."

அவர் தலையைத் திருப்பி மிஸ்ஸியைத் தேடினார். பிறகு, "மிஸ்ஸி, என் மைலோவ அவருக்குக் குடு" என்றார்.

ஒரு கோப்பை மைலோ வந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். கடைசிச் சொட்டுக்காகக் கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது மிஸ்ஸி கோமதி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனைன்னு அளவு இருக்கு அங்கள், தண்ணியும் சேத்துதான். அதுலேருந்துதான் உங்களுக்குக் குடுத்தாரு."

நம்பிக்கை கொடுக்கப் போனவன், தாகத்தோடு கிடந்த மனிதனின் பங்கைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் இறக்கிய இருநூறு மூட்டைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஸ்டெல்லாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் காரில் வந்து என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள். கதவை நெருங்கும்போது சுப்பையா அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, 'ஏன்னா'ன்னு நிறுத்துனியே. அதுக்கப்புறம் என்ன?"

மூன்று பாயிண்டும் சிமெண்டு மூட்டைகளிடமே தங்கிவிட்டன. வெட்கப்படுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் சொல்லும் பதிலையே சொன்னேன். "அப்புறமா சொல்றேண்ணே. வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை நான் வரப் போறதில்லயே."

"அப்ப நான் அதை யாருகிட்டண்ணே சொல்றது?" நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டேன். "காதர் பாய்கிட்ட சொல்லக் கூடாதே."

"யோவ்! என்னை எதுக்குய்யா மாட்டிவிடற?" என்று காதர் பாய் நாற்காலியில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருசம் நாசி கண்டார் வித்திருக்கேன், என் கறியத் தின்னுட்டுக்கூட ஒருத்தன் இப்படி விழுந்ததில்ல!"

சுப்பையா அண்ணன் சிரித்தார். மிஷின் கீ கீ என்று கத்தும் அளவுக்குச் சிரித்தார். பாதத்தை எடுத்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன் என்று பார்வதி அக்கா பிறகு ஸ்டெல்லாவிடம் சொன்னாராம்.

மறுநாள் சபை முழுக்கச் செய்தி. யாரோ எனக்கு ஒரு பொட்டலம் குளுக்கோஸ் கொடுத்தார்கள். எல்டர் போன் செய்தார்.

"வியாழன் நான் வந்துடறேன். நீ வேணாம் தம்பி. ஊழியம்னா ஒரு தகுதி வேணும். நமக்குப் பேர் கெட்டுப்போகுது பாரு."

நாற்பத்தாறு வருடத்தில் நான் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. "இல்ல எல்டர். விழுந்தது நான். அவரு கேட்டது என்னை. நான்தான் போவேன்."

"போய் என்ன சொல்லுவே?"

"தெரியல. ஆனா போவேன்."

கைப்பேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் ஸ்டெல்லா வாயைத் திறந்தபடி நின்றாள். "உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் இருந்தாரா? இத்தனை வருசம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" வியாழக்கிழமை காலையில் ஆறு இட்லி போட்டாள். எதிர்ப்பே இல்லாமல் சாப்பிட்டேன்.

மையத்துக்குப் போனபோது ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. காதர் பாய் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரேடியோவைத் தொடவில்லை. மிஸ்ஸி கோமதி கடிகாரத்தையே பார்த்தாள். அரைமணி நேரம் ஆனது. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய், "அவரைக் கொண்டு வாங்க ஆண்டவரே" என்ற ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேன் வந்தது. சக்கர நாற்காலியில் சிடுசிடு முகத்தோடு சுப்பையா அண்ணன்.

"சாப்டியா?" என்றார்.

"ஆறு இட்லி."

"சரி, சொல்லு. ரெண்டு நாளா மண்டையக் கொடையுது. என் வேதனை உனக்குப் புரியும், ஏன்னா?"

"புரியாதுண்ணே" என்றேன். "அன்னிக்குச் சொன்னது எழுதிக் குடுத்தது. உங்க வேதனை எனக்கு எப்படிப் புரியும்? எனக்கு ரெண்டு காலும் இருக்கு." அவர் முகம் மாறவில்லை. தொடர்ந்தேன். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். முன்னாடி நான் வேலை செஞ்ச தொழிற்சாலையை மூடிட்டாங்க. மூணு மாசம் சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தேன். மனுசங்ககிட்டப் பேச எனக்கு வராது. இயேசுகிட்ட மட்டும் வந்துச்சு. அவரும் சிலுவையில தொங்கும்போது, என்னை ஏன் விட்டுட்டீங்கன்னு அப்பாகிட்டக் கேட்டவருதானே, அதனால வெக்கமா இல்ல. நல்லா சண்டை போட்டேன். அவரு என்னை விட்டுட்டுப் போகல. என் கூடவே கெடந்தாரு. அப்புறம் ஒரு நாள் எழுந்தேன். அவ்வளவுதாண்ணே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இன்னும் கொஞ்சம் நல்லா சொல்லுவேன்னு நெனச்சேன்."

"சனிக்கிழமை முயற்சி பண்றேண்ணே."

சனிக்கிழமை வந்தார். செவ்வாய்க்கிழமையும் வந்தார். நான் நன்றாகச் சொல்லவே இல்லை; அவர் வருவதையும் நிறுத்தவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு நாள், "அவருகிட்ட நானும் கொஞ்சம் பேசணும். எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றேன். அவர் தன் பாதத்திலிருந்து ஆரம்பித்தார். லாரி ஓட்டியவர் பேச்சு, அப்படியே இங்கே எழுத முடியாது. நான் மட்டும் ஆமென் சொன்னேன்.

எல்டர் இன்னும் என்னைத் தகுதியுள்ளவர்களில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டாம். இனிமேல் வேண்டாம் என்று மிஷினைப் பார்த்துச் சொல்லும் புது நோயாளி யாராவது வந்து, யாரிடமாவது பேச வேண்டும் என்று கேட்டால், மிஸ்ஸி கோமதி எனக்குத்தான் போன் செய்கிறாள். பயந்துகொண்டேதான் போகிறேன். போகாமல் இருப்பதில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

சிரிப்பதில் முதல் ஆள் சுப்பையா அண்ணன்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். கோழிக் கறி பரிமாறும்போது கதையை ஆரம்பிப்பார். வருடத்துக்கு வருடம் அது வளர்கிறது. போன கிறிஸ்துமஸில் என்னைத் தூக்க ஆறு பேர் வந்தார்கள், வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது.

"அண்ணே, தீயணைப்பு வண்டியெல்லாம் வரவே இல்லயே!" என்றேன். எங்கள் வீட்டில் இப்போது நான் சத்தமாகவே பேசுகிறேன்.

அவர் கோழிக் காலைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீ மயங்கிக் கெடந்தே தம்பி. உனக்கு என்ன தெரியும்?"