நார்பர்ட் எந்தப் பக்கம்?

செய்தித்தாளை எடுக்க வாசலுக்கு வந்த நார்பர்ட், தன் புல்வெளியில் ஓர் அட்டை முளைத்திருப்பதைப் பார்த்தார். 'பள்ளிக்கூட வரி: வேண்டும்.' வருகிற செவ்வாய்க்கிழமை இந்த வரிக்காக ஊரே ஓட்டுப் போடப் போகிறது.

நட்டவர் ஃபுட்பால் பயிற்சியாளர் டெல்மர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முந்தின நாள் முடி வெட்டிக்கொள்ளும்போது, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "இதுல என்ன சந்தேகம், உங்க பக்கம்தான்" என்று நார்பர்ட் சொல்லியிருந்தார்.

இதே பதிலை அன்று காலையிலேயே சோயா விவசாயி க்ளைடுக்கும் சொல்லியிருந்ததுதான் சிக்கல். எங்கள் பெல்டனில் முடி வெட்டுகிறவர் நார்பர்ட் ஒருவர்தான். யார் தலை கைக்குக் கீழே இருக்கிறதோ அவர் கட்சி. இருபது வருஷமாக அப்படித்தான் பிழைப்பு ஓடியது.

அட்டை முளைத்த அன்றே க்ளைடின் லாரி வீட்டு முன்னால் நின்றது.

"என்னடா இது?"

"காத்துல பறந்து வந்திருக்கும்ப்பா."

"காத்துல வந்ததுக்குக் கம்பி கால் ரெண்டும் மண்ணுல எப்படிடா இறங்குச்சு?" க்ளைடு லாரியிலிருந்து இன்னும் பெரிய அட்டையாக ஒன்றை எடுத்து வந்து நட்டார். 'வேண்டாம்.' "பள்ளிக்கூடச் செலவுல மாநில அரசு பாதிதான் தருது. மீதிக்கு எவன்கிட்ட நிலம் இருக்குன்னு பார்க்கிறாங்க. இந்த வரி வந்தா நான் டிராக்டரை வித்துட்டு மாட்டைப் பூட்டணும்."

நார்பர்ட்டுக்கு ஒரு யோசனை தோன்றியது. விவசாயிகள் காலையில் வீட்டைத் தாண்டிப் போவார்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள் மாலையில். அதற்கேற்ப அட்டையை மாற்றி நட்டார். மழை வந்து வயல் வேலை நின்ற அன்று, க்ளைடு மாலையிலும் அந்த வழியாக வந்து தொலைத்தார்.

அடுத்த நாள் இரண்டையும் பிடுங்கி, கடையில் துண்டு அடுக்கும் அலமாரிக்குள் ஒளித்தார். மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் அட்டைத் திருடன் பேச்சு. ஷெரீஃபிடமும் புகார் போய்விட்டது.

"கையில கிடைச்சா தோலை உரிச்சிடுவேன்" என்றார் டெல்மர், முகத்தில் சோப்பு நுரையோடு.

"பாதித் தோலை எனக்கு விடுங்க" என்றார் அடுத்து உட்கார்ந்திருந்த க்ளைடு. முதல்முறையாக இருவரும் ஒரே கட்சி. அந்தச் சந்தோஷத்தில், டெல்மருக்கு ஒரு துண்டு எடுத்துக் கொடுக்க க்ளைடே எழுந்து அலமாரியைத் திறந்தார். இரண்டு அட்டையும் அவர் காலில் விழுந்தன.

க்ளைடு இரண்டையும் தூக்கிப் பிடித்தார்.

"இப்பச் சொல்லுடா. எந்தப் பக்கம்?"

"ஓட்டு ரகசியம் இல்லையாப்பா..."

"இந்த வரி தோத்துச்சுன்னா டீம் கிடையாது, பேண்டு வாத்தியம் கிடையாது, பஸ் கிடையாது" என்றார் டெல்மர். "வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச்சுல பக்கத்து ஊர் ஹேட்லிக்காரங்க ஜெயிக்கிறதை அவங்க ஊருக்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை நானே வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு? என் லாரியில இடம் இருக்கு" என்றார் க்ளைடு.

ஆக, செவ்வாய்க்கிழமை லாரியில் இருவருக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு நார்பர்ட் தீயணைப்பு நிலையத்துக்குப் போனார். அங்கேதான் ஓட்டுப் போடுவது. உண்மையில் அவர் அங்கே கால் வைத்தே பல வருஷமாகிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் "போட்டாச்சு, உங்க பக்கம்தான்" என்று கடையில் சொல்வதோடு சரி. வரியும் அவர் தன் கையால் கட்டுவதில்லை. வீட்டுக் கடனோடு சேர்த்து வங்கியே பிடித்துக்கொள்ளும்.

மறைப்புக்குள் போனதும் கணக்குப் போட்டுப் பார்த்தார். 'வேண்டும்' ஜெயித்தால் விவசாயிகள் பக்கத்து ஊரில் போய் முடி வெட்டிக்கொள்வார்கள். 'வேண்டாம்' ஜெயித்தால் டீமில் உள்ள அத்தனை தலையும் போய்விடும். கடை எப்படியும் பாதியாகும்.

ஆனால் விளக்கு வெளிச்சத்தில் பையன்கள் மைதானத்துக்குள் ஓடி வருவதை நினைத்ததும் நெஞ்சு இளகிவிட்டது. பிழைப்புக்காகப் பேசிப் பேசியே காலம் போய்விட்டது, ஒரு தடவையாவது மனசுக்குப் பிடித்ததைச் செய்வோம் என்று பேனாவைத் திறந்தார். வேண்டும்தான்.

சீட்டை மேலிருந்து கீழே பார்த்தார். நீதிபதி தேர்தல் இருந்தது. நூலக வரி இருந்தது. திருப்பினார். பின்பக்கம் வெறுமை.

வெளியே வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒரு கொள்கை இருந்தது, அதனால் குரலும் கொஞ்சம் உயர்ந்தே வந்தது.

"என்ன அநியாயம் இது? பள்ளிக்கூட வரியைப் பத்திக் கேள்வியே இல்லாத சீட்டை எனக்கு ஏன் கொடுத்தீங்க?"

சுவர் ஓரம் நின்றிருந்த க்ளைடும் டெல்மரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சீட்டுக் கொடுக்கும் மேஜையிலிருந்த ஓபல் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நார்பர்ட்டைப் பார்த்தாள்.

"உனக்கு எப்படி இருக்கும் நார்பர்ட்? பெல்டன் பள்ளிக்கூடத்தோட வரி எல்லை உன் வீட்டு ரோட்டோட முடியுது, நீ அந்தப் பக்கம். இருபது வருஷமா ஹேட்லி டீமுக்குத்தானே நீ வரி கட்டிட்டிருக்கே."