மீசைப் பந்தயமும் மாம்பழப் பவுடரும்

டப்பாவில் பவுடர் மறுபடியும் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருடன் யார் என்பதில் சந்தேகமே இல்லை. மனைவியின் தம்பி, மாடியில் குடியிருக்கும் விளையாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஊரில் நடக்கும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் தோற்பவர் மீசையை எடுத்துவிட வேண்டும் என்று அவனிடம்தான் இவர் வாய்கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக எண்ணெய் தடவி வளர்த்த மீசை. அந்த முகத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேறொன்றும் கிடையாது.

நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருப்பவர் எதை நம்பி ஓடுவார்? மாம்பழ வாசனையோடு தித்திக்கும் அமினோ ஆசிட் பவுடரை நம்பித்தான். குடித்தால் ஓடத் தெம்பு வரும், ஓடிய கால்வலியும் போகும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது.

"மாப்ளே, என் பவுடரைத் தொட்டியா?"

"சேச்சே! எனக்கெதுக்கு மாமா அதெல்லாம்?" என்றான் மச்சினன். மீசையில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே தையல்காரர் ஒரு காரியம் செய்தார். அமினோ பவுடரை, சட்டைக் காலருக்குக் கஞ்சி போடும் மாவு டின்னுக்கு மாற்றினார். கஞ்சி மாவை அமினோ டப்பாவில் கொட்டி, மேலாக ஒரு கரண்டி பவுடரைத் தூவி வைத்தார். மறுநாள் டப்பா குறைந்திருந்தது. 'குடிடா ராஜா, நல்லாக் குடி' என்று சிரித்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். காலருக்குக் கஞ்சி போடுவது அவர் மனைவி.

சனிக்கிழமை பாங்க் மேனேஜர் கழுத்தைச் சொறிந்துகொண்டே கடைக்குள் வந்தார்.

"என்னய்யா சட்டை இது? மீட்டிங் நடுவுல எறும்பு கடிச்சுப் பிடுங்கிடுச்சு!"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் தையல்காரருக்கு வேர்த்து விறுவிறுத்துவிட்டது.

"மாவு கெட்டுப்போச்சு போலிருக்கு" என்றார் மனைவியிடம்.

"அப்ப டின்னோட குப்பையில போட்டுடறேன்."

"ஐயையோ! நானே கொட்டிடறேன்!"

கொட்டினார். பத்து நாள் பவுடரையும் ஒரே செம்புத் தண்ணீரில் கலக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் கொட்டினார்.

"எங்கே கொட்டினீங்க?"

"கொட்ட வேண்டிய இடத்துலதான்" என்று ஏப்பம் விட்டார். அன்று ராத்திரி, கஞ்சி மாவு இருந்த அமினோ டப்பாவும் சுத்தமாகக் காலியாகிக் கிடந்தது.

ஞாயிறு காலை தெருமுனையில் விசில் ஊதியபோது தையல்காரர் ஓடிக்கொண்டுதான் இருந்தார். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு, ஏழாவது தடவை.

ஒன்பது மணிக்குத்தான் வயிறு அடங்கியது. ஓட்டம் எப்போதோ முடிந்திருக்கும். ஆனாலும் வாக்கு வாக்குதான். மச்சினன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து கேட்பதற்குள் தானே முடித்துவிடுவது மரியாதை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்சந்து வழியாக முடிவெட்டும் கடைக்குப் போனார்.

"மீசையை எடுத்துடுப்பா."

கடைக்காரர் திகைத்துப்போனார். "அண்ணே, ஒரு விஷயம்..."

"பேசாதே! பேசினா என் மனசு மாறிடும். ஓடாதவன் தோத்தவன்தான். எடு!"

கத்தி இரண்டே இழுப்பில் வேலையை முடித்தது. கண்ணாடியில் யாரோ ஒரு அப்பாவி உட்கார்ந்திருந்தார். தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைக்காரர் துண்டை உதறினார்.

"அழாதீங்கண்ணே, அரை மணி முன்னாடி உங்க மச்சினரும் இதே நாற்காலியிலதான், 'விடிஞ்சதுலேருந்து வயித்தால போகுது, ஓடவே போகலை, மாமாதான் ஜெயிச்சிருப்பாரு'ன்னு அழுதுகிட்டே மீசையை எடுத்துட்டுப் போனாரு."