ரெண்டாவது பிளேட்டு யாருக்கு?

செய்யூர்,
மாசி 5, செவ்வாய்க்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த கொழுந்தனார் ஆனந்தன் அவர்களுக்கு, தங்கள் அண்ணி காசியம்மாள் எழுதிக்கொண்டது. தாங்களும் சியாமளாவும் குழந்தையும் முட்டுக்காட்டில் சுகமாக இருக்க எல்லையம்மனை வேண்டுகிறேன். இங்கு நான் சுகம் என்று எழுதுவதா, சுகமில்லை என்று எழுதுவதா தெரியவில்லை. சாப்பிடுகிறேன், படுக்கிறேன், குழாயில் தண்ணி வந்தால் பிடித்து வைக்கிறேன். தங்கள் அண்ணன் போய் மூணு மாசம் ஆகிறது. காகிதத்து மூலையில மஞ்சள் தடவறதா, கறுப்பு தடவறதான்னு ரொம்ப நேரம் யோசிச்சி ஒண்ணுமே தடவாம வுட்டுட்டேன். இது நல்ல கடுதாசியா கெட்ட கடுதாசியான்னு எனக்கே புரியல. நீயே படிச்சிட்டு எதுவோ ஒண்ணு தடவிக்கோ.

போன் பண்ணா எடுக்க மாட்டேன்ற, அதான் கடுதாசி. போன கட் பண்ணலாம், கடுதாசிய கிழிக்கத்தான் முடியும், கிழிக்கிறவன்கூட மொதல்ல ஒரு வரி படிச்சிட்டுத்தான் கிழிப்பான். சேதி இன்னான்னா, உங்கண்ணன் உன்ன மன்னிச்சிட்டாரு. இல்ல, தப்பு அவரு மேல, நீதான் அவர மன்னிக்கணும். யாரு யார மன்னிக்கணும்றதுல எனக்குக் கொழப்பம், ஆனா மன்னிப்பு நடந்துபோச்சி, அதுக்கு எங்கிட்ட அத்தாட்சி கீது. அது எப்படிக் கெடச்சிதுன்னு சொல்றதுக்குத்தான் இத்தன பக்கம். நான் நாலாங்கிளாசு, மெதுவாத்தான் எழுதுவேன். நீயும் மெதுவாவே படி.

பவுஞ்சூர் பஸ் ஸ்டாப்புல நடந்தத நான் மறக்கல. ஒம்போது வருசம் ஆவுது. நல்ல மழ. நீ ஒரு கையில பொட்டி, ஒரு கையில சியாமளா, அவளுக்கு அப்ப வயித்துல ஏழு மாசம். உங்கண்ணன் கம்பெனி பஸ்ஸ ஓட்டிக்கினு வராரு, செய்யூர்ல ஆளு ஏத்தி மறைமலைநகர்ல எறக்கற பஸ்ஸு, நீ கையக் காட்டற, அவரு நிறுத்தல. நிறுத்தாதது மட்டுமில்ல, ஆரன் அடிச்சிட்டுப் போனாரு, சியாமளா பொடவ பூரா சேறு. கம்பெனி ஆளத் தவிர வேற யார ஏத்துனாலும் வேல பூடும், உள்ள கேமரா வேற கீதுன்னு அவரு நூறு தடவ சொல்லி அனுப்பிச்சாரு. "அதெல்லாம் சரி, அந்த ஆரனுக்கு இன்னா அர்த்தம்?"னு நீ கேட்டு அனுப்பிச்ச. ஆரனுக்கு இன்னா அர்த்தம் இருக்கும், ஆரன்னா ஆரன்தான். அதுலருந்து நீ அவரு மூஞ்சில முழிக்கல. ஓட்டிக்கினு இருக்கும்போதே நெஞ்ச வலிச்சி, பஸ்ஸ ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கு போட்டுட்டு அப்படியே சாஞ்சாரே, அந்தச் சாவுக்கும் நீ வரல. பதினாறாம் நாளுக்கும் வரல. திட்டறதுக்கு எழுதல. எங்களுக்குப் புள்ள இல்ல, கரைக்க வேண்டியவன் நீதான்னு அஸ்திச் சட்டிய துணியில கட்டி சுடுகாட்டு வேப்பமரத்துல தொங்க வுட்டு வச்சிக்கீறேன். மூணு மாசமா தொங்குது. ஊர்ல ஆளாளுக்குப் பேசறாங்க. "காசியம்மா, எவனையாச்சும் கூட்டிக்கினு போயி கரச்சிட்டு வா, ஆத்துமா அந்தரத்துல நிக்கும்"ன்றாங்க. அவரு மட்டும் மழையில ரெண்டு பேர நிக்க வெக்கலியா, கொஞ்சம் நிக்கட்டும்னு பதில் சொன்னேன். சொல்லிட்டு வூட்டுக்கு வந்து அழுதேன்.

அவரோட போன நான் இன்னும் சார்ஜு போட்டுத்தான் வச்சிக்கீறேன். யாரு பண்ணப் போறாங்க, ஆனா அது ஆஃப் ஆயிட்டா மனுசன் இன்னொரு தடவ போனமாரி கீது. போன வியாழக்கிழம அதுல உங்கண்ணன் பேரு போட்டு ஒரு மெசேஜு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். "ஜானகிராமன், உங்கள் சைனீஸ் ஃபுட் வாக் உறுதி. இரண்டு பேர். ஞாயிறு மாலை 4 மணி. செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் வாசல்." கண்ணாடி போடாம படிச்சனா, சைனீஸ்ன்றது எனக்கு சனீஸ்னு தெரிஞ்சிது. சனீஸ், ஃபுட்டு, வாக்கு. சனீஸ்வரனுக்குச் சாப்பாடு போடறேன்னு வாக்கு குடுத்துட்டு அத தீக்காமயே மனுசன் போய்ட்டாருன்னு நெனச்சேன். யாருகிட்ட வேணா வாக்கு மாறலாம், சனீஸ்வரன்கிட்ட மாற முடியுமா? அப்புறம் அந்த "இரண்டு பேர்". ஒருத்தரு அவரு. இன்னொருத்தரு யாரு? இருபத்தாறு வருசம் குடித்தனம் பண்ணவகிட்ட ஒரு வார்த்த சொல்லாம யாரோட ஜோடி சேந்து வேண்டிக்கினாருன்னு மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல. பக்கத்துத் தெரு பொம்பளைங்க ஒவ்வொருத்தியா நெனச்சிப் பாத்தேன். ஒருத்தியும் பொருந்தல.

ஞாயித்துக்கெழம எள்ளு சாதம் கிளறி ஒரு டப்பாவுல எடுத்துக்கினேன். நல்லெண்ண, அகல் வெளக்கு, ஒரு மொழம் கறுப்புத் துணி. மதுராந்தகம் போயி பஸ்ஸு மாறி செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசல்ல செருப்பக் கழட்டி வச்சிட்டு நின்னேன். கையில கொடி புடிச்சிக்கினு, தலையில முக்காடு போட்ட பொண்ணு ஒண்ணு வந்துச்சி, பேரு ஷஃபானாவாம். சனீஸ்வரனுக்கு துலுக்கப் பொண்ணு கொடி புடிக்குதேன்னு ஒரு நிமிசம் தெகச்சேன், அப்புறம் நாகூருக்கு நம்ம ஆளுங்க போறதில்லியா, அதுமாரி போலன்னு வுட்டுட்டேன். பின்னாலயே மெட்ராசுலருந்து வந்த வயசுப் பசங்களும் பொண்ணுங்களும் எட்டு பேரு.

"ஜானகிராமன் சார் பேருல வந்தீங்களா ஆன்ட்டி? ரெண்டு பேராச்சே, இன்னொருத்தங்க யாரு?"ன்னு கேட்டுச்சி.

"அதத்தான் நானும் உங்கிட்ட கேக்க வந்தேன்"ன்னேன்.

"செருப்பு போட்டுக்கங்க ஆன்ட்டி, ரொம்ப தூரம் நடக்கணும்."

"வேண்டுதலுக்கு யாருனா செருப்பு போட்டுக்கினு போவாங்களாம்மா?"

"வேண்டுதல் இல்ல ஆன்ட்டி, வாக்."

"வாக்குதாம்மா. குடுத்தவரு போய்ட்டாரு, நான் வந்து தீக்கறேன்."

அந்தப் பொண்ணு என்ன ஒருமாரி பாத்துட்டு கொடியத் தூக்கிக்கினு நடந்துச்சி.

பஜார்ல அன்னிக்கி இன்னா கூட்டம்ன்ற, வாழத்தாரு ஏத்துன வண்டி ஒருபக்கம், ஷேர் ஆட்டோ ஒருபக்கம், பூக்காரி முறத்த என் காலுமேலயே வெக்கறா. அந்தப் பொண்ணு பின்னாலயே நடந்துக்கினு, இது பழைய கட, அது பழைய மார்க்கெட்டுன்னு ஒவ்வொண்ணா காட்டிக்கினே வருது. எனக்குக் கோயில எப்ப காட்டப் போறாங்கன்னு இருந்துச்சி. மொதல்ல ஒரு தள்ளுவண்டியில நிறுத்தி செவப்பா ஒண்ண குடுத்தாங்க, மஞ்சூரியனாம், உள்ள பூக்கோசு. எங்கையில ரெண்டு பிளேட்டு. "எனக்கெதுக்கும்மா ரெண்டு?"ன்னா, "ரெண்டு பேருக்கு புக் பண்ணியிருக்கே ஆன்ட்டி, எல்லா எடத்துலயும் ரெண்டு தருவோம்"னுச்சி. ஒரு பிளேட்டு என்னுது. இன்னொரு பிளேட்ட யாருகிட்ட நீட்டறதுன்னு தெரியாம நடுரோட்டுல நின்னேன், ஆனந்தா. அப்புறம் பிரசாதம்தானேன்னு மதில் மேல வச்சிட்டு கா கான்னு கூப்புட்டேன். ஒரே ஒரு காக்கா வந்து தின்னுச்சி. உசுரோட இருந்தவரைக்கும் பூக்கோசு கொழம்பு வச்சா தட்டத் தள்ளிட்டு எழுந்துப்பாரு, செத்த பின்னாடி அதையே ரசிச்சித் தின்றாரேன்னு எனக்கு அழுவறதா சிரிக்கறதான்னு புரியல. அதுக்குள்ள அந்தப் பசங்க என் டப்பாவத் தொறந்து, "வாவ், பிளாக் ரைஸ்"னு போட்டோ புடிச்சி, ஆளுக்கு ஒரு வாயி எடுத்து எள்ளு சாதத்தையே காலி பண்ணிட்டாங்க. சனீஸ்வரனுக்கு ஒரு பருக்க மிச்சம் இல்ல.

ரெண்டாவது எடத்துல ஆவியில வெந்த கொழுக்கட்ட. பேரு மோமோவாம். கொழுக்கட்டைன்னதும் கன்னத்துல போட்டுக்கினு வாயில போட்டேன், உள்ள கோழி. அஸ்தி கரைக்கற வரைக்கும் கவுச்சி தொடறதில்லன்னு இருந்தவ நான். துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல, வாயில வச்சிக்கினே ராட்டினங்கிணறு ஸ்டாப்பு வரைக்கும் நடந்தேன். வழியில அந்தப் பொண்ணு, பல்லவர் காலத்துல சீனாவுலருந்து மாமல்லபுரத்துக்குக் கப்பல்ல ஆளு வந்தாங்கன்னு சொல்லிக்கினு வருது. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சி. முழுங்கிட்டுக் கேட்டேன், "சீனாக்காரன் எதுக்கும்மா நடுவுல வரான்?" "சைனீஸ் ஃபுட் வாக் ஆன்ட்டி. சைனா சாப்பாட்ட நடந்துக்கினே சாப்புடறது." நடந்துக்கினே சாப்புட்டா ஒடம்புல ஒட்டாதுன்னு எங்கம்மா அடிப்பா. அதுக்கா இவரு பேரு குடுத்தாரு? "கப்பல்ல வந்தவன் மாமல்லபுரத்துல எறங்குனா, செங்கல்பட்டுல எதுக்கு சமைக்கிறான்?"னு கேட்டேன். அந்தப் பொண்ணு கொடியால அடுத்த வண்டியக் காட்டுச்சி.

மூணாவது எடம் பெரிய தள்ளுவண்டி, நூடுல்ஸு போடறது. மாஸ்டர் பேரு பார்த்திபன். "சீனாக்காரன் எங்கப்பா?"ன்னேன். "நான்தான்கா." "எந்த ஊரு நீ?" "உத்திரமேரூரு." அவன் பேசிக்கினே வாணா சட்டியத் தூக்கி ஆட்டறான், தீ ஆளு ஒசரத்துக்குக் கெளம்புது. வண்டி பத்திக்கிச்சின்னு நான் பாட்டில்ல இருந்த தண்ணிய ஊத்திட்டேன். எண்ண படார்னு வெடிச்சி, கும்பலே செதறி ஓடுது. "யக்கா! நகரு யக்கா! வாக்கு மேல கை வெக்காத, சுடும்!"ன்னு கத்தறான். அந்தச் சட்டிக்குப் பேரே வாக்காம். வாக்கு சுடும்னு எனக்குத் தெரியாதாப்பான்னேன். தீ அடங்கி, திரும்ப வெங்காயத்த அரிஞ்சிப் போடும்போது அந்த ஷஃபானா சொல்லுது, "மாஸ்டர், ஜானகிராமன் சாரோட ரெண்டாவது பிளேட்டுக்கு மட்டும் மிளகா வேணாம், புக்கிங்ல எழுதியிருக்காரு." "இன்னாம்மா எழுதியிருக்காரு?"ன்னு போன வாங்கிப் பாத்தேன், இந்தத் தடவ கண்ணாடி போட்டு. "தம்பிக்குக் காரம் ஆகாது" அப்படின்னு எழுதியிருந்துச்சி.

தம்பிக்குக் காரம் ஆகாது. இந்த ஒலகத்துல உன்னத் தவிர வேற யாருக்கு? மஞ்சக்காமால வந்ததுலருந்து ஒரு மிளகா கடிச்சா மூக்குல தண்ணி ஊத்தறவன் நீ. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வூட்ல இருந்தப்ப அந்த மசாலா பாக்கெட்டப் பிரிக்காம வெறும் நூடுல்ஸ வேகவச்சி உப்பு போட்டு நான்தானே உனுக்குக் குடுப்பேன். உன்னக் கூட்டிக்கினு போயி, ஊரச் சுத்திக்காட்டி, நூடுல்ஸு வாங்கிக்குடுத்து சமாதானம் பேசறதுக்கு மனுசன் பேரு எழுதி வச்சிட்டுப் போய்ட்டாரு. எங்கிட்ட சொல்ல வெக்கம். நான் கண்டவளையெல்லாம் சந்தேகப்பட்டுட்டேன். அங்கயே ஸ்டூலுல ஒக்காந்து அழுதேன்.

"பொக கண்ணுல பட்டுடுச்சாக்கா?"ன்றான் மாஸ்டர்.

"இல்லப்பா. என் கொழுந்தன் கெடச்சிட்டான்."

"அடப்பாவமே, எத்தினி நாளா காணோம்?"

"காணோம்லாம் இல்ல. முட்டுக்காட்டுல படகு ஓட்டறான்."

அவன் ஒண்ணும் புரியாம இன்னும் கொஞ்சம் நூடுல்ஸ அள்ளிப் போட்டான். காரம் இல்லாத அந்த பிளேட்டு உன்னுது. பொட்டலம் கட்டிக்கினு வந்தேன், காலையில பாத்தா ஊசிப்போயிருந்துச்சி. ஸ்டேஷன் வாசல்ல வச்ச செருப்பும் போச்சி. பரவாயில்ல.

இப்ப உனுக்குப் புரிஞ்சிருக்கும். வர்ற அமாவாசைக்கு மாமல்லபுரம் கடக்கரைக்கு அந்தச் சட்டிய எடுத்துக்கினு வரேன். காலையில ஆறு மணி. நீ வந்து உன் கையால கரைக்கணும். கூப்புடறது நான் இல்ல, உங்கண்ணன். செத்தவரு கூப்புட்டு வராம இருக்காத. சியாமளாவுக்கு என் ஆசீர்வாதம், அன்னிக்கி வயித்துல இருந்து சேறு பட்ட கொழந்தைக்கும் ஆசீர்வாதம். இந்தக் கையால பண்ணலாமா கூடாதான்னு தெரியல, ஆனாலும் பண்றேன், ஏத்துக்கோங்க.

இப்படிக்கு,
உன் அண்ணி
காசியம்மாள்

பின்குறிப்பு: கவர ஒட்டிட்டேன், இட்லிப் பான ஆவியில காட்டிப் பிரிச்சி எழுதறேன். இப்பத்தான் அந்த ஷஃபானா போன் பண்ணுச்சி. அந்த ஜானகிராமன் உங்கண்ணன் இல்லியாம். கல்பாக்கத்துல வேற ஒரு ஜானகிராமனாம். கடைசி நம்பரு ஆறு போட வேண்டிய எடத்துல ஒம்போது போட்டுட்டாங்களாம். மெசேஜே வரலியே, எப்ப நடக்கப் போறோம்னு இன்னிக்கி அவரு கேட்டாராம். தம்பின்னு எழுதினது அவரோட நாலு வயசுப் புள்ளையாம். புள்ளைய தம்பின்னு கூப்புடறவங்கள நான் எங்க போய் கேக்கறது? அப்ப மஞ்சூரியன் தின்ன காக்கா யாரு வூட்டுக் காக்கான்னும் தெரியல. இத எழுதாம வுட்டா நீ கண்டிப்பா வருவ, எழுதினா வருவியோ மாட்டியோ. கடுதாசிய அப்படியே போட்டுடலாம்னு தபால் பொட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். செத்தவரு பேருல பொய் சொல்ல எனக்கு வரல. அவரு உன்னக் கூப்புடல, தம்பி. நான் கூப்புடறேன்.