பூர்வீகம் பாராத கல்லூரி

2007ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் ஒரு கல்லூரிக்குத் திடீரென்று நீதியுணர்வு பிறந்தது. அதுவரை வெளிநாட்டுப் பூர்வீகமுள்ள பிள்ளைகளுக்கென்று பத்து இடங்களை ஒதுக்கிவந்தது. அது மாபெரும் பாகுபாடு என்று கண்டுபிடித்து ஒதுக்கீட்டை ஒழித்தார்கள். இனி எவருடைய பூர்வீகத்தையும் பார்ப்பதில்லை என்று சுற்றறிக்கை விட்டார்கள். பார்க்காமல் இருப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவு திறந்தார்கள். அதில் நாலு பேர் சம்பளத்துக்குப் பார்க்காமல் இருந்தார்கள்.

அந்த வருடம் சிவகுருநாதனின் மகள் தேனுஜாவுக்கு இடம் கிடைக்கவில்லை. தகப்பனும் மகளும் கேட்கப் போனார்கள்.

அதிகாரி அம்மையார் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். பூர்வீகம் தெரியக்கூடிய இடமெல்லாம் கறுப்பு மை. சின்ன வயதிலிருந்து தகப்பனுக்கு மொழிபெயர்க்க அரசாங்கக் கந்தோர் கந்தோராய் ஏறி இறங்கியதைத் தேனுஜா இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அதில் "நான்", "ஆனாலும்", "நன்றி" என்ற மூன்று சொற்களே தப்பியிருந்தன.

"கட்டுரையில் ஆழம் போதாது," என்றார் அம்மையார், உண்மையான வருத்தத்துடன்.

சுவரில் முதற்பரிசுக் கட்டுரை தொங்கியது. அதை எழுதிய மாணவனின் தாத்தாவும் தகப்பனும் அங்கேதான் படித்தார்கள் என்று முதல் வரியிலேயே இருந்தது.

"அதை ஏன் அழிக்கேல்லை?" என்றார் சிவகுருநாதன்.

"அது பூர்வீகமல்ல, மரபு. மரபுக்குப் பத்துப் புள்ளி."

"நானும் பதினெட்டு வருசமா இந்தக் கல்லூரியிலைதான் நிக்கிறன். வகுப்பெல்லாம் கூட்டித் துடைக்கிறது நான்தான்."

அம்மையார் பதறிப்போனார். "ஐயோ, அதை எழுதினால் பூர்வீகம் தெரிந்துவிடுமே!"

ஒரு வழி இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஆட்சேப மனு கொடுத்தால் மை பூசாத கட்டுரையை வாசிப்பார்கள். ஆனால் இரண்டு குடும்பம் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் இட்டால் அது மனக்குறை. இருவர் இட்டால்தான் அநியாயம்.

வாசலில் இன்னொரு தமிழ்த் தகப்பன், கல்யாணசுந்தரம், நின்றார். அவருடைய மகளுக்கும் இடம் கிடைக்கவில்லை.

"அண்ணை, நான் கையெழுத்து வைச்சிட்டன். நீங்களும் கீழை வைச்சா அலுவல் முடிஞ்சுது."

சிவகுருநாதன் பேனையை வாங்கினார். "தம்பி ஊரிலை எவடம்?"

"பருத்தித்துறைப் பக்கம்."

"பக்கமெண்டா? கோயிலுக்கு வடக்காலையோ, தெற்காலையோ?"

"தெற்காலை."

"ஆரின்ரை மகன்?"

கல்யாணசுந்தரம் தகப்பன் பெயரைச் சொன்னார். சிவகுருநாதன் பேனையை மூடித் திருப்பிக் கொடுத்தார். "யோசிச்சுச் சொல்லுறன்."

"அப்பா, வெள்ளிக்கிழமை கடைசி நாள்!" தேனுஜாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"உனக்கு உதெல்லாம் விளங்காது பிள்ளை. அவையின்ரை கையெழுத்துக்குக் கீழை நாங்கள் வைக்க ஏலாது."

வெள்ளிக்கிழமை இரண்டு மனுக்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கையெழுத்து. இரண்டையும் மனக்குறை என்று அன்றே தள்ளுபடி செய்தார்கள். திரும்பும் ரயிலில் இரண்டு தகப்பன்மாரும் வெள்ளைக்காரரின் பாகுபாட்டைப் பற்றி மகள்மாரிடம் கொதித்துக் கொதித்துப் பேசினார்கள், வேறு வேறு பெட்டிகளில்.