ஜெர்மனியும் ஒரு வாழை இலையும்

வெளிநாட்டில் சில காலம் இருந்து திரும்புகிறவனுக்கு வாயில் ஒரு வியாதி ஒட்டிக்கொள்கிறது. எதைப் பார்த்தாலும் 'அங்கெல்லாம்' என்று ஆரம்பிப்பான். எனக்கு அது நன்றாக முற்றியிருந்த சமயத்தில்தான் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்து, மல்லசமுத்திரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன்.

பெண்ணின் பெயர் சுதா. போனில் பேசியே எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அவளுக்கும்தான் (என்று நம்பிக்கொண்டிருந்தேன்). முடிவு அவள் அப்பாவின் கையில். போர்வெல் வண்டி வைத்துத் தொழில் செய்பவர். ஒரே மகளைக் கடல் தாண்டி அனுப்புவதா என்று தயங்கிக்கொண்டிருந்தார். காரிலேயே அம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

"சாமி, காப்பி பலகாரத்தோட நிறுத்திக்கோணும். பேசி முடியாம அவிய ஊட்டுச் சோத்துல கை நனைச்சுப்போடாத. நனைச்சா சம்மந்தம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

உட்கார்ந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை ஆட்டினேன், வாட்சைத் திருகினேன். கரண்ட் போனது. "அங்கெல்லாம் கரண்ட்டே போகாதுங்க" என்றேன். ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது. "அங்கெல்லாம் ஹாரனே கேக்காதுங்க." தண்ணீர், பஸ், குப்பைத்தொட்டியின் நிறம் வரை போய்விட்டேன். மகளை அனுப்பப் பயப்படுகிற மனிதருக்குத் தைரியம் சொல்வதாக எனக்கு நினைப்பு. அவரோ என் பேச்சில் தன் வீட்டுக் குறைகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கம்பக்கத்துல வந்து போவாங்களுங்களா?" என்று கேட்டார்.

"அங்கெல்லாம் யாரும் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. மூணு வருசமா எதுத்த ஊட்டுக்காரர் பேரே எனக்குத் தெரியாதுங்க" என்றேன், பெருமையாக. கதவோரம் நின்ற சுதா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"சரிங்க. கலந்துட்டுச் சொல்லியுடறோம்ங்க" என்றார் அவர். எங்கள் பக்கத்தில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள். போன் வந்ததுபோல எழுந்து வீட்டின் பின்பக்கம் போனேன்.

அங்கே கொட்டகையில் போர்வெல் வண்டி ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு. பரிமாறிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்து, "கார் டிரைவருங்களா? நேரமாச்சு, உக்காருங்க சாமி" என்று ஒரு இலையைப் போட்டார்.

மாப்பிள்ளை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதில் எச்சில்தான் ஊறியது. எப்படியும் இனி மாப்பிள்ளை இல்லை, டிரைவராகவாவது சாப்பிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் தடவை சோறு வாங்கும்போது நிமிர்ந்தால், என்னைத் தேடிக்கொண்டு வந்த சுதாவின் அப்பா எதிரில் நிற்கிறார். பின்னால் சுதா. அவளுக்குப் பின்னால் அழுதுவிடுகிற முகத்தோடு என் அம்மா. எனக்கோ மணிக்கட்டு வரை குழம்பு. அந்தக் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

"ஏனுங்க தம்பி, அங்க சோறு கெடைக்காதுங்களா?" என்றார்.

"கெடைக்குதுங்க. உக்காருன்னு சொல்லத்தான் ஆள் இல்லீங்க."

அன்று நான் யோசிக்காமல் சொன்ன ஒரே உண்மை அதுதான். மூன்று வருடமாக அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே தின்று முடித்தவன் நான்.

அவர் என் இலையைப் பார்த்தார். பிறகு அந்த அக்காவிடம், "மாப்ளைக்கு இன்னங் கொஞ்சம் கொழம்பு ஊத்தும்மா" என்றவர், என் அம்மாவிடம் திரும்பி, "நீங்களும் கை கழுவிட்டு வாங்க" என்றார்.

"அய்யோ, டிரைவருன்னு நெனச்சுட்டனுங்க" என்றார் அக்கா, கரண்டியைப் பிடித்தபடி.

இப்போது நானும் சுதாவும் ஜெர்மனியில் இருக்கிறோம். கரண்ட் போவதேயில்லை. நான்தான் எதற்கெடுத்தாலும் 'ஊர்லயெல்லாம்' என்று ஆரம்பித்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும் மாமனார் என்னை நலம் விசாரிப்பதில்லை. நேராக மகளிடம்தான் கேட்பார்:

"ஏஞ்சாமி, டிரைவர உக்காரச் சொன்னியா?"